இல்லாத கழுதைகள்

அத்தியாயம் பதினேழு

கைருன்னிசாவின் கிணற்றடியில் நில அளவைக்காரர்கள் சிவப்புக் கட்டை அறைந்துவிட்டுப் போனதைப் போன வாரம் தோட்டவெளி ஊரே கூடி நின்று பார்த்தது. ஆளுக்கொரு பக்கம் திட்டினார்கள். திட்டியதோடு சரி. கட்டையைப் பிடுங்க ஒருவரும் முன்வரவில்லை.

"அந்தக் கட்டை நிக்கும்வரைக்கும் எனக்கு நித்திரை வராது அன்ரி" என்று சொன்னவள் அனுஜா ஒருத்திதான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகவே தூங்கினாள். இருபத்தாறு வயதில் கவலை ஒரு பக்கமும் தூக்கம் ஒரு பக்கமுமாக இருக்கும். ஒன்றையொன்று அதிகம் தொந்தரவு செய்யாது.

இன்று வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குத்தான் அவளுக்கு உண்மையான கவலை வந்தது.

அப்போது அவள் மன்னார்த் தீவு விலங்குப் பூங்காவின் சாமான் அறையில் நின்றாள். பூங்கா என்பது பெயருக்குத்தான். பன்னிரண்டு புள்ளிமான், சிறகொடிந்த நாலு கூழைக்கடா, ஓர் ஆமைத் தொட்டி, அடிபட்ட கழுதைகளுக்கு ஒரு கொட்டில். அவ்வளவுதான் பூங்கா. இதைத்தான் இருபது வருடத்தில் உலகமே வந்து பார்க்கும் இடமாக்கப் போகிறார்கள்.

கம்பிக் கூண்டுகளை உடைப்பது முதற்கட்டம். தெருவிலும் பஸ் நிலையத்திலும் கச்சேரி அலுவலக வாசலிலும் அலைந்து திரியும் மன்னார்க் கழுதைகளையெல்லாம் ஒரே பெரிய வெளியில் விட்டு, வருகிற சனத்தை மரமேடைகளில் ஏற்றிப் பார்க்கச் செய்வது இரண்டாம் கட்டம். பூநாரைகளுக்கு ஒரு நீர்வெளி மூன்றாம் கட்டம். நாலாம் கட்டம் வரும்போது திட்டம் போட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்க மாட்டார்கள். அதற்காக வரைபடத்தில் வர்ணம் குறையவில்லை.

தகராறு இரண்டாம் கட்டத்தில். பத்துக் கழுதைக்கு ஓர் ஏக்கர் என்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தீவில் கழுதைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆகவே அறுபத்தொரு ஏக்கர் வேண்டும். பூங்காவிடம் இருப்பது முப்பத்தாறு. மிச்ச இருபத்தைந்துக்குக் கிழக்கு எல்லையைத் தாண்ட வேண்டும்.

கிழக்கே ஒன்பது முஸ்லிம் குடும்பங்களின் காணி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சில நாள் அவகாசத்தில் துரத்தப்பட்டு, இருபத்தைந்து வருடம் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் கிடந்துவிட்டு, இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பற்றை வெட்டுகிறார்கள். முதலில் வந்தவள் கைருன்னிசா. காணி உறுதிப் பத்திரமெல்லாம் ஓடுகிற ஓட்டத்தில் தொலைந்துபோயிற்று. வேறெங்கோ காட்டுப் பக்கம் மாற்றுக் காணி தருவார்களாம்.

இன்று மூன்று மணிக்குத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் கூட்டம். ஊர் சம்மதித்தால் திட்டம் நாளைக்கே கொழும்புக்குப் போகும். போனால் பிறகு கைருன்னிசாவின் கிணற்றில் கழுதைகள்தான் தண்ணீர் குடிக்கும்.

அனுஜாவுக்குத் திட்டக் கந்தோரில் உதவியாளர் வேலை. கூட்டத்தில் வைக்கிற பலகைகளைத் தமிழில் எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு பலகையில் ஒட்டுவதற்குப் பத்துக் கழுதைகளின் அட்டை வேண்டும் என்று பணிப்பாளர் செல்வநாயகம் நேற்றுச் சொன்னார். எடுக்கத்தான் வந்தாள்.

அட்டைகள் அவளுடைய அப்பா பத்திநாதனின் கைவேலை. பூங்கா தொடங்கிய நாள் முதல் கழுதைப் பராமரிப்பு அவர்தான். ஒவ்வொரு கழுதையையும் பிடித்து, காதில் மஞ்சள் இலக்கம் குத்தி, படமெடுத்து, ஓர் அட்டை போடுவார். மாதத்துக்கொருமுறை மோட்டார் சைக்கிளில் பாலத்தடியிலிருந்து தலைமன்னார் வரை போய், கண்ட கழுதைக்கு எதிரே "வந்தது" என்று எழுதுவார். ஆறு வருடமாக ஒரு மாதமும் தவறவில்லை.

அனுஜா வடிவான முகமாகப் பார்த்து அட்டைகளைப் பொறுக்கினாள். நாற்பத்தேழாம் இலக்கம் கையில் வந்தது. கறுப்பி. இடது காது கிழிந்தது.

கறுப்பியைப் பேசாலைச் சந்தியில் பஸ் அடித்து மூன்று வருடம். அப்பா புதைக்கக் கிடங்கு வெட்ட, அனுஜாதான் கயிற்றைப் பிடித்து இழுத்தவள். உள்ளங்கை உரிந்து ஒரு கிழமை சோறு பிசைய முடியாமல் கிடந்தாள்.

அட்டையில் போன மாதம் வரைக்கும் கறுப்பி "வந்தது."

கிணற்றில் விழுந்து செத்த வெள்ளைக்காலனும் வந்திருந்தது. நகரசபைக் குப்பையில் பொலித்தீன் தின்று ஒரே வாரத்தில் செத்த பன்னிரண்டும் தவறாமல் வந்திருந்தன. அனுஜா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் நூறு அட்டைகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து செத்தவை மட்டும் நாற்பத்துச் சொச்சம். அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பத்திநாதன் கொட்டிலில் ஒரு கிழட்டுக் கழுதையின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அது அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.

"அப்பா, கறுப்பி எங்க?"

"எந்தக் கறுப்பி?"

"நாற்பத்தேழு. போன மாசமும் வந்ததெண்டு எழுதியிருக்கிறியள்."

அவருடைய கை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எண்ணெயைத் தடவி முடித்தார். சீலைத் துண்டைக் கட்டி, முடிச்சுப் போட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"அந்த அலுமாரிய உன்னை ஆர் திறக்கச் சொன்னது?"

"செல்வநாயகம் சேர். அப்பா, உண்மையா எத்தனை நிக்குது?"

"முந்நூற்று முப்பத்தெட்டு."

யோசிக்காமல் சொன்னார். அதுதான் அனுஜாவுக்கு இன்னும் கசந்தது. கணக்குத் தெரியாத மனிதர் என்றால் மன்னித்துவிடலாம். இவருக்கு ஒரு குட்டி பிசகாமல் தெரிந்திருக்கிறது.

"பிறகேன் அப்பா வெட்டாம வச்சிருக்கிறியள்?"

பத்திநாதன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் குந்தினார்.

"வெட்டிறதோ? பேரை வெட்டினா என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியாதே? நீ பிறந்ததே முகாமில."

தெரியும். மதுரைப் பக்கத்து அகதி முகாமில் மாதத்துக்கொரு தணிக்கை. அதிகாரி மேசையைப் போட்டுக்கொண்டு குடும்ப அட்டையில் உள்ள பெயர்களைக் கூப்பிடுவார். ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். பக்கத்து வரிசையில் ஒரு மனுஷி, மகன் சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போய்விட்டான் என்று உண்மையைச் சொன்னாள். மூன்று நாள் அந்த வரிசை முழுவதையும் கூப்பிட்டுக் குடைந்தெடுத்தார்கள். அவளுக்கு மூன்று மாதம் அரிசி இல்லை. அதற்குப் பிறகு முகாமில் ஒரு சட்டம் தானாக உண்டானது. அட்டையில் பெயரை ஏற்றலாம். வெட்டக் கூடாது.

அனுஜாவின் அண்ணன் ஜெனோஜன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியபோதும் அதே சட்டம்தான். பதினாலு மாதம் அவன் முகாமில் இருந்தான், அட்டையில். ஒரு தணிக்கையில் பக்கத்து வீட்டுப் பெடியன் தொப்பி போட்டுக்கொண்டு ஜெனோஜனாக நின்றான். இன்னொன்றில் பத்தொன்பது வயது அனுஜா மேசைக்கு முன்னால் போய் "அண்ணா பெயின்ட் வேலைக்குப் போயிருக்கு சார், சாயங்காலம் வந்திடும்" என்று கண் இமைக்காமல் சொன்னாள். அன்றைக்கு அப்பா அவளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஜெனோஜன் மெல்பேர்னில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். அதனால் அந்தப் பொய்யை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

"முதல் கழுதை செத்த அண்டைக்குப் பேனை எடுத்தனான் பிள்ளை. கை ஓடேல்ல. ஏன் செத்தது, நீ என்ன பாத்துக்கொண்டிருந்தனி எண்டு கேப்பாங்கள். இந்தியாவில இருந்து வந்தவனை வேலைக்கு வச்சதாலதான் எண்டுவாங்கள். சரி, அடுத்த மாசம் வெட்டுவம் எண்டு விட்டன். அடுத்த மாசம் ரெண்டாச்சு. பிறந்த குட்டியெல்லாம் ஏத்தினன். செத்ததுகளும் அப்படியே கிடந்திட்டுது."

"அந்தக் கணக்கை வச்சுத்தானே கைருன்னிசா அன்ரியின்ர காணிய அளந்தவங்கள்."

"கணக்குக்குக் காணி குடுப்பாங்கள் எண்டு எனக்கெப்படித் தெரியும்? கூடச் சொன்னா ரெண்டு மூட்டை தவிடு கூட வரும், அவ்வளவுதானே எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார். அப்பாவை அதட்டவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அனுஜா கோபத்தில் நின்றாள். அந்தக் கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது.

"மூண்டு மணிக்குள்ள சொல்லோணும் அப்பா. நீங்கள் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுவன்."

கிழட்டுக் கழுதை அவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்தது.

பலகைகளை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், கைருன்னிசா வேலியோரம் நின்று கைகாட்டினாள். அனுஜா காணாததுபோல் போயிருக்கலாம். சைக்கிளை நிறுத்தினாள்.

கைருன்னிசாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருசன் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். மகள் அங்கேயே கல்யாணம் கட்டி இருந்துவிட்டாள். தனியாக வந்து, தகரம் போட்டு, கிணறு இறைத்து, பத்துக் கத்தரியும் கொஞ்சம் மிளகாயும் வைத்திருக்கிறாள். கையில் ஒரு சொப்பிங் பையைப் பிடித்திருந்தாள்.

"மகள், காணி உறுதிக்குப் பதிலா இதுகள் காணுமா பாருங்க. வாப்பா தென்னம்பிள்ளைக்கு மானியம் எடுத்த துண்டு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், அதில இந்த விலாசம் கிடக்கு. மௌத்தாப்போன எங்கட உம்மாட மரணப் பதிவும் இருக்கு."

"கொண்டு வாங்கோ அன்ரி."

"அந்தக் கந்தோர்ப் பெரியவர் பாப்பாரா?"

"பாப்பார்."

"உங்கட உம்மாவும் வருவா தானே? கத்தரின் இருந்தா எனக்குக் கதைக்கத் தைரியம் வரும்."

அனுஜா தலையை ஆட்டினாள். இதுதான் சமயம், சொல்லிவிடலாம். இந்தப் பேப்பர் ஒன்றுமே தேவையில்லை அன்ரி, உங்கட காணி வேணுமெண்டதே பிழையான கணக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்பாவின் திரும்பிய முகம் நினைவுக்கு வந்தது. மூன்று மணிக்குக் கட்டாயம் வரச் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தாள்.

வீட்டில் கத்தரின் பாரை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அனுஜா சொல்லச் சொல்ல அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, மீனைப் புரட்டிப் போட்டாள்.

"வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அம்மா, ஒன்பது குடும்பம்."

"இஞ்ச எங்கட குடும்பம் எத்தனை? ஒண்டு." கத்தரின் அப்போதுதான் திரும்பினாள். "ஆறு வருசம் இந்த ஊரில நாங்கள் இந்தியாக்காரர். கடையில இந்தியாக்காரி, கோயில்ல இந்தியாக்காரி. இப்பதான் பத்திநாதன் வீடு எண்டு சொல்லத் தொடங்கியிருக்கினம். கள்ளக் கணக்கு எழுதின மனுசன் எண்டு ஒருக்காச் சொன்னாப் போதும், நீ பிறகு எந்த முகத்தோட வேலைக்குப் போவாய்? கொப்பாவைப் பொலிசுக்குக் குடுத்தா?"

"குடுக்க மாட்டினம்."

"உனக்கெப்படித் தெரியும்? நீ பொலிசோ?"

பூங்கா பெரிதாகும்போது நாற்பது பேருக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். சிற்றுண்டிச்சாலை கத்தரினுக்கு என்று செல்வநாயகம் வாய்விட்டே சொல்லிவிட்டார். அவள் அதற்கு என்னென்ன சட்டி வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். அதை இப்போது அவள் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அது அடுப்படி முழுக்க நின்றது.

"கைருன்னிசா அன்ரி உங்களைத் தேடுறா. நீங்கள் பக்கத்தில இருந்தாத் தைரியமாம்."

கத்தரின் அடுப்பின் தீயைக் குறைத்தாள். அவளும் கைருன்னிசாவும் ஒரே வருடம் ஒரே ஊரை விட்டுப் போனவர்கள். ஒருத்தி ராமேஸ்வரத்துக்குப் படகேறினாள், மற்றவள் புத்தளம் பக்கத்துக் கற்பிட்டிக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னர் கைருன்னிசா திரும்பி வந்து வெயிலில் நின்றபோது, முதல் நாள் சோறு கொடுத்தவள் கத்தரின்.

"அவவுக்கு வேற காணி குடுப்பினம்" என்றாள். குரலில் பழைய வேகம் இல்லை.

பத்திநாதன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இருவரையும் பார்த்தார். எல்லாம் பேசியாகிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. கை கழுவி வந்து சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் கத்தரின், மீனை வைத்தபடி. "நீங்கள் கூட்டத்துக்கு வரவேண்டாம். காய்ச்சல் எண்டு படுங்கோ. மிச்சத்தை அடுத்த மாசம் ஒண்டொண்டா வெட்டலாம். மெல்ல மெல்லச் செத்ததா இருக்கட்டும்."

"காணி போனதுக்குப் பிறகோ?" என்றாள் அனுஜா.

"நீ வாயை மூடு."

பத்திநாதன் நாலு வாய் சாப்பிட்டார். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அலுமாரியிலிருந்து பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்தார். கத்தரின் அவரைக் கூப்பிடவில்லை. கோப்பையை எடுத்து மூடி வைத்தாள். தானும் சீலை மாற்றப் போனாள்.

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மீனவர் சங்கத் தலைவர் பஸ்ரியனும் அவர் ஆட்களும். இடது பக்கம் பெண்கள். பின்னால், கதவோரமாக, ஒன்பது குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். கைருன்னிசா கத்தரினைக் கண்டதும் பையோடு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தரின் நகர்ந்து இடம் கொடுத்தாள். முகத்தைக் கொடுக்கவில்லை.

செல்வநாயகம் நல்ல மனிதர்தான். மூன்று வருடமாக இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி இளைத்துப்போனவர். மான்களுக்குக் கம்பி இல்லாத வெளி, பார்க்க வருகிறவர்களுக்கு நிழல் நடை, அடிபட்ட மிருகங்களுக்கு ஆஸ்பத்திரி என்று அவர் பேசும்போது கண் மின்னியது. காணி பற்றிச் சொல்லும்போது மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டார்.

"ஏதாவது கேள்வி இருந்தாக் கேளுங்கோ."

அனுஜா பேனையை மேசையில் வைத்தாள். எழும்ப வேண்டும். எழும்பாமல் குறிப்புத் தாளை நேராக்கினாள். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கும்போதே நடு வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை எழுந்தது.

"நான் பத்திநாதன். கழுதை பாக்கிறனான்," என்றார், ஊருக்கே தெரிந்ததைத் தெரியாததுபோல. "இந்தக் கணக்கு பிழை. நான்தான் பிழையா எழுதினனான்."

முன்வரிசையில் பஸ்ரியன் திரும்பிப் பார்த்தார்.

"செத்ததுகளை நான் வெட்டேல்ல. அறுநூற்றுப் பன்னிரண்டு இல்லை சேர். இருக்கிறது முந்நூற்று முப்பத்தெட்டு. முப்பத்தாறு ஏக்கரே காணும். அந்தப் பக்கம் போகத் தேவையில்லை." அவர் முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என்னை வேலையால நிப்பாட்டுங்கோ. அதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

அனுஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவை நினைத்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. தன்னை நினைத்து இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்திநாதன், நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு விளங்கித்தான் சொல்லுறியளோ? ஐந்நூறுக்குக் கீழ எண்டா உதவி தாற ஆக்கள் இதைச் சின்னத் திட்டமாத்தான் எடுப்பினம். ரெண்டாம் கட்டம் இல்லை. நாற்பது வேலை எண்டது ஆறோ ஏழோ வரும்."

அந்த வசனம் மண்டபத்தில் வரிசை வரிசையாகப் போனது. தலைகள் திரும்பின. தன் மகன், தன் மருமகள், தன் தம்பி என்று ஒவ்வொருவரும் அந்த ஏழுக்குள் தங்களைத் தேடினார்கள்.

பஸ்ரியன் எழும்பினார். அவருடைய இரண்டு மகன்களின் பெயரும் நாற்பதில் இருந்தது.

"பத்திநாதனுக்கு இண்டைக்கு மனம் சரியில்லைப்போல," என்றார் மெதுவாக. "கழுதை செத்திருக்கும். குட்டி போடாதோ? நான் தலைமன்னார் ரோட்டால தினமும் வாறனான். ஒரு நாளைக்கு நூறைக் காணுறன். அறுநூறு நிக்குது. கூடவும் நிக்கும்."

"பஸ்ரியண்ணை, நான் ஒவ்வொண்டையும் தொட்டுப் பாக்கிறவன்."

"நீங்கள் இந்தியாவில இருந்து வந்து ஆறு வருசம். நாங்கள் சண்டைக்குள்ளயும் இந்தக் கழுதையளோட கிடந்த ஆக்கள். எங்களுக்குத் தெரியாதே?"

"நானும் கண்டனான்" என்று ஒரு குரல். "எங்கட வளவுக்க மட்டும் பத்து நிக்கும்" என்று இன்னொன்று. சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமலே சொல்லத் தொடங்கினார்கள். எருக்கலம்பிட்டிப் பக்கம் ஐம்பது, கோட்டையடியில் எழுபது, ரயில் பாதை நெடுக எண்ண முடியாது. செத்துப்போன கழுதைகள் ஒவ்வொன்றாக எழுந்து தீவு முழுக்க மேயத் தொடங்கின.

கைருன்னிசா எழுந்து நின்றாள். பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அந்த மனுசன் தன்ர வாயால சொல்லுறார். உசிரோட இருக்கிற எங்களுக்குக் காணி இல்லை, செத்த கழுதைக்கோ காணி?"

அவளைப் பார்க்காமல் இருக்க எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை இருந்தது. சற்று நேரம் நின்றுவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

செல்வநாயகம் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அவருக்கு உண்மை எது என்று தெரிந்திருந்தது. அது முகத்திலேயே இருந்தது. மூன்று வருட உழைப்பும் அதே முகத்தில்தான் இருந்தது.

"ஒருத்தர் ஒரு கணக்குச் சொல்லுறார். ஊர் வேற கணக்குச் சொல்லுது. நான் என்ன செய்ய?" என்றார். "பழைய கணக்குச் சரியெண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ. அனுஜா, எண்ணிக் குறிப்பில எழுதும்."

கைகள் உயர்ந்தன.

அனுஜா எழுந்தாள். அப்போது எழும்பாதவள் இப்போது எழும்பியிருந்தாள், வேண்டாத நேரத்தில். முன்வரிசையில் பதின்மூன்று. இரண்டாம் வரிசையில் ஒன்பது. போன கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து தந்த கைகள், கறுப்பியைப் புதைக்க மண்வெட்டி தந்த கை. நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.

அடுத்தது அவளுடைய அம்மாவின் கை.

தோளளவுக்கு மேல் போகவில்லை. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. ஆனாலும் அது உயர்த்திய கைதான். கத்தரின் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. கையை அவள் இறக்கவில்லை.

பத்திநாதன் அதைக் கண்டார். கண்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

கத்தரினின் முழங்கை கைருன்னிசாவின் தோளை உரசிக்கொண்டு நின்றது. கைருன்னிசா தலையை நிமிர்த்தி அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவள் அனுஜாவைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை இதையும் சேர்த்து எண்ணுமா என்று பார்த்தாள்.

"எத்தனை?" என்றார் செல்வநாயகம்.

அனுஜாவின் கணக்கு இன்னும் ஐம்பதிலேயே நின்றது.

"எத்தனை, பிள்ளை?" என்று அவர் இரண்டாம் முறையும் கேட்டார்.